பெட்டியின் வயிறு

புதிய டிராம் பாதை தையற்கடை வாசலில்தான் வளைந்தது. கடையின் தகரக் கூரையில் வண்டி உரசுமா என்பது இன்று தெரிந்துவிடும். உரசினால் கூரை போய்விடும் என்று கடைக்காரி பயந்துகொண்டிருந்தாள். வாசல் வெயிலில் மெஷின் போட முடியாது.

எங்கே உரசுகிறது என்று பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் தெர்மாகோல் ஒட்டிய சோதனைப் பெட்டி ஊர்ந்து வந்தது. அதன் முன்பக்கம் கூரையிலிருந்து நன்றாகவே விலகிப் போனது.

"சும்மா வயித்துல புளியக் கரைச்சியேடா!" என்று பாதை வேலையில் இருந்த தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவசரப்படாதக்கா. இன்னும் பெட்டியோட வயிறு வரல."

"டிராமுக்கு ஏதுடா வயிறு?"

"தண்டவாளம் வளையும், பெட்டி வளையாதுல்ல? சக்கரம் முன்னாலயும் பின்னாலயும் இருக்கு. நடு உடம்பு வளைவோட உள்பக்கமா தள்ளிட்டு வரும். உன் கடையும் உள்பக்கம்தான்."

அவள் ஸ்கேலை எடுத்து, வெட்டிவைத்த ஜாக்கெட்டின் கழுத்து வளைவின்மேல் வைத்தாள். ஸ்கேலின் இரு முனைகளும் ஓரத்தில் நிற்க, நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் தள்ளியிருந்தது.

"அட, ஆமா!"

அதற்குள் பெட்டியின் நடுப்பகுதி கூரையில் கரகரவென்று உரச, வெள்ளைத் துகள்கள் பறந்தன.

"எவ்வளவுடா இடிக்குது?"

"கூரைய நாலு விரல் வெட்டினாப் போதும்."

"அவ்வளவுதானா!" சாக்குக்கட்டியோடு ஸ்டூலில் ஏறினாள். "கோட்ட நான் போடறேன். வயிறு வர்ற வழி எப்படியோ அப்படியே வளைச்சு வெட்டு. நேரா வெட்டினா எனக்குல்ல நிழல் குறையும்!"