வரிசையில் ஒரு கை

சுஹைனாவை ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, மாதேஸ்வரி ஆட்டப் போட்டி நடந்த கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் ஒருத்தியின் கொண்டைக்கு ஹேர்பின் குத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு பின்னை வாயில் கவ்விக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"மாஸ்டரக்கா, சூப்பர்வைசர் கேட்டுலயே மறிச்சுட்டான். லோடு போவணுமாம். முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவணும்ன்றான்." மெஷின் சத்தத்துக்கு நடுவே சுஹைனாவின் குரல் உடைந்து வந்தது.

"அழுதா விட்டுருவானா? வேலையை முடிச்சுட்டு வா. நான் பாத்துக்கறன்."

பார்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. எட்டுப் பேருக்கு அமைத்த ஆட்டம் அது. முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். சுஹைனா நின்ற இடத்தைக் காலியாக விட்டால் வரிசை பல் போன வாய் மாதிரி இளிக்கும். முழு ஆட்டமும் தெரிந்த வேறு ஆள் அந்த மண்டபத்தில் ஒருத்திதான், சொல்லிக்கொடுத்தவள்.

"நீயே நில்லு மாதேசு," என்றாள் நாராயணம்மா. மாத்திரைக் கம்பெனி பேக்கிங்கில் இருப்பவள். குழுவில் மாதேஸ்வரியை விட வயதில் மூத்தவள் அவள் மட்டும்தான்.

"நான் எதுக்குக்கா? நான் சொல்லிக்குடுக்கறவ."

"அப்போ ஒரு சேரைத் தூக்கியாந்து நிறுத்திடலாமா? அதுக்கும் பச்சைச் சேலையைச் சுத்தி உடு."

எல்லோரும் சிரித்தார்கள். மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் தன்னுடைய இடக் கையின் கறுப்பு உறைமேல் போய்விட்டுத் திரும்பியது.

தோலில் அலர்ஜி, வெயில் பட்டால் அரிக்கும் என்றுதான் அவள் சொல்லிவைத்திருந்தாள். உறைக்குள் மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்திருந்தாள். மூக்கண்டப்பள்ளியில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பெனிப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். அங்கே இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, யாரும் போனில் வீடியோ எடுக்கக் கூடாது. இரண்டு, எல்லோரும் காலைப் பார்க்க வேண்டும், கை தானாக வரும். அவள் முன்னால் முதுகைக் காட்டி ஆடுவாள். பின்னால் நின்று பார்த்துப் பெண்கள் ஆடுவார்கள். திரும்பிப் பார்த்தாலும் அவள் கண் கால்களைத் தாண்டி மேலே ஏறாது.

வேறு ஒரு மேடையாக இருந்தால் உறையோடே ஏறி ஆடியிருப்பாள். கீழே நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பூபதி மாஸ்டர். அதுதான் சிக்கல்.

பூபதி மாஸ்டர் ஜவளகிரிப் பக்கம் ராகிக் காட்டில் களை பறித்தவர். பெங்களூருக்கு ஓடிப்போய், மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, சினிமா குரூப்பில் கடைசி வரிசையில் சேர்ந்து, கன்னடத்திலும் தமிழிலும் டான்ஸ் மாஸ்டராக உயர்ந்தவர். ஆடவே வராத கதாநாயகனைச் சுற்றி நாற்பது பேரை ஆடவிட்டு, அந்த ஆள்தான் ஆடினான் என்று ஊரை நம்பவைத்தவர். ஊர்க்காரர் என்பதால் தொழிற்சங்கத்துக்காரர்கள் இந்தப் போட்டிக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

அவர் குரூப்பில் மாதேஸ்வரி ஆறு வருஷம் ஆடினாள். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். "யார் நல்லா ஆடறாங்கன்னு எனக்கு வேணாம். யாருமே தெரியக் கூடாது. லைன்ல ஒரு கை தனியாத் தெரிஞ்சா ஷாட் போச்சு." ஒருநாள் பேக்கப் ஆன பிறகு அவளைக் கூப்பிட்டு, "இவ்ளோ வருஷமா ஆடற, உன்னை நான் பாத்ததே இல்ல. அவ்ளோ சுத்தம். திங்கக்கிழமையிலருந்து அசிஸ்டென்டா என்கூட நில்லு," என்றார்.

ஷூட்டிங் தினமும் இருக்காது. இல்லாத நாட்களில் ஓசூரில் ஒரு சின்ன பட்டறையில் காண்டிராக்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினாள். வேகம் குறைகிறதென்று, கை உள்ளே இருந்தால் நிறுத்தும் சென்சாரைக் கழற்றி வைத்திருந்த பிரஸ். மாஸ்டர் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது அவள் இடக் கைமேல் இறங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது மாஸ்டர் பேர் போட்டு போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்து என்ன சொல்வது? தனியாகத் தெரியும் கைக்கு வரிசையில் இடமில்லை என்பது அவர் போட்ட சட்டம்தானே. கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே சிம்மை மாற்றிவிட்டாள். அந்தத் திங்கட்கிழமை தன்னால் ஷூட்டிங்கே நின்றுபோயிருக்கும், மாஸ்டர் பெரிய இடத்தில் அவமானப்பட்டிருப்பார் என்ற நினைப்பு மட்டும் பத்து வருஷமாக அவளை விடவில்லை. பெங்களூர் போகிற வழியில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

"அடுத்து நம்மதான்," என்று யாரோ சொன்னார்கள்.

மாதேஸ்வரி சுஹைனாவுக்கு வைத்திருந்த சேலையை எடுத்துக் கட்டினாள். பச்சைச் சேலைக்குமேல் கறுப்பு உறை கடைசி நாற்காலி வரைக்கும் தெரியும். கழற்றினால் விரல் இல்லாதது தெரியும். சுவரைப் பார்த்து நின்று உறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இடக் கையை மூடியே வைத்து ஆடிவிடலாம் என்று முடிவு செய்தாள். மூடிய கை தப்பாகத் தெரியும்தான். ஆனாலும் தப்பாக ஆடினாள் என்ற பேரோடு போகட்டும்.

பென் டிரைவில் இருந்தது தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒட்டிய பாட்டு. முன்வரிசையில் நின்று முதல் பகுதியை ஆடினாள். கீழே பார்க்கவில்லை. கால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. இடக் கை மட்டும் மூடியபடியே உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது பகுதியில் வரிசை மாற வேண்டும். முன்னால் நின்றவர்கள் பின்னால் வர, பின்னால் நின்றவர்கள் முன்னால் போனார்கள். இடக் கைகள் ஒன்றாக மேலே எழுந்தன. விளக்கு வெளிச்சத்தில், அவள் கண்ணுக்கு நேர் எதிரே நாலு கைகள்.

நாலிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கியிருந்தன.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எவ சொல்லிக்குடுத்தா இப்படி? பக்கத்தில் திரும்பினாள். அங்கேயும் அப்படியே. அப்புறம்தான் உறைத்தது. அவளேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், முதுகைக் காட்டிக்கொண்டு. பஞ்சு அடைத்த விரல்கள் எப்படித் தொங்கினவோ அப்படியே இவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

அவளுடைய மூடிய கை ஒன்றுதான் இப்போது அந்த வரிசையில் தனியாகத் தெரிந்தது.

கையைத் திறந்தாள். பாட்டு முடியும் வரை மூடவில்லை.

இறங்கியதும் நாராயணம்மாவைத் தூணருகில் பிடித்து நிறுத்தினாள். "எத்தினி நாளா இப்படி மடக்கறீங்க?"

"ஆரம்பத்துலருந்துதான். மொதல்ல ஸ்டெப்புன்னு நினைச்சோம்." நாராயணம்மா மூச்சு வாங்கிக்கொண்டே முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அப்பறமா ஒருநாள் நீ உறையை இழுத்து உடறப்ப தெரிஞ்சுபோச்சு. இந்த ஊர்ல எந்தத் தெருவுல இல்ல பிரஸ்ல போன கை? எங்க ஊட்டுக்காரருக்கே கட்டை விரல் பாதிதான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ அலர்ஜின்ன. சரி, அலர்ஜின்னே இருக்கட்டும்னு உட்டுட்டோம். வெரலை மாத்தலாமான்னு இதுங்க கேட்டுதுங்க. எல்லாம் பழகிப்போச்சு, இப்போ மாத்தினா லைன் கெட்டுப்போவும்னு நான்தான் சொன்னன். நீதான எந்நேரமும் லைன் லைன்னு கத்துவ?"

மாதேஸ்வரி நாராயணம்மாவின் கொண்டையில் நழுவிய பின்னைச் சரியாகக் குத்திவிட்டாள்.

எல்லாக் குழுவும் ஆடி முடித்தபின் பூபதி மாஸ்டர் மைக்கை வாங்கினார். ஆளுக்குத் தொப்பை விழுந்திருந்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"அந்தப் பச்சைச் சேலை டீமு. இடக் கை மேல போறப்ப ரெண்டு விரல் மடங்குது. ஒருத்திகூட மாறல. யாரும்மா கம்போஸ் பண்ணது? முன்னால வாங்க."

நடந்து வந்தவளை அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மைக்கை அணைத்து மேசைமேல் வைத்தார்.

"மாதேஸ்வரிதானே நீ?"

"ஆமா மாஸ்டர்."

அவர் கை நீட்டினார். அவள் இடக் கையைக் கொடுத்தாள். கத்தரிக்காயில் சொத்தை பார்க்கிறவர் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்போ?"

"நீங்க வரச் சொன்ன திங்கக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

"போனை எடுத்துச் சொல்றதுக்கு என்ன?"

"லைன்ல ஒரு கை தனியாத் தெரியக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க." நிறுத்திவிட்டு, பத்து வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "அன்னைக்கு ஷூட்டிங் நின்னுபோச்சா மாஸ்டர்?"

அவர் விழித்தார். "நிக்கறதா? உனக்காகவா? ஹீரோ கேரவான்ல உக்காந்துனு வாட்ச்சைப் பாக்கறான். வேற பொண்ணைக் கூப்ட்டு நிறுத்தி மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டன். உன்மேல ரெண்டு நாள் கோவமா இருந்துச்சு. அப்பறம் அடுத்த படம் வந்துருச்சு, மறந்துட்டன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். மாதேஸ்வரிக்குத் தலைச்சுமையை எதிரே வந்தவர் கைகொடுத்து இறக்கிவைத்தது போல இருந்தது. கழுத்து லேசாகிவிட்டது. சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். நல்லதாப் போச்சு."

"லைன் சுத்தமா இருந்துச்சு," என்றார் அவர். "பின்னால ஒருத்தி மட்டும் வலது கால்ல லேட்டு. அதைப் பாரு."

"அது நாராயணம்மா. சொல்லிச் சொல்லி என் வாய்தான் போச்சு."

"நம்பர் குடு. பெங்களூர்ல ஞாயித்துக்கிழமை கிளாஸ் எடுக்கறன், என்னால குதிக்க முடியல. ஒத்து வந்தா வா. வரலன்னா வரலன்னு சொல்லு. மறுபடி சிம்மை மாத்தாத."

"ஞாயித்துக்கிழமை இதுங்களுக்குச் சொல்லித்தரணும் மாஸ்டர். சனிக்கிழமைன்னா பாக்கலாம்."

"பேரம் பேசறியா? சரி, போன் பண்ணு."

முதல் பரிசு தீப்பந்தம் சுற்றிய பையன்களுக்குப் போனது. பச்சைச் சேலைக்கு இரண்டாவது. நெருப்போடு போட்டி போட முடியாது என்று நாராயணம்மா தீர்ப்புச் சொன்னாள். பரிசாக வந்த குக்கர்களை ஆளுக்கொன்றாக, சுஹைனாவுக்கும் சேர்த்து மாதேஸ்வரி மட்டும் இரண்டாக, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மண்டப வாசலில் சுஹைனா ஓடிவந்தாள். கம்பெனி யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் வேர்வை. "முடிஞ்சுபோச்சா? என் எடத்துல யாரு நின்னாங்க?"

"மாஸ்டரக்காதான்," என்றார்கள்.

சுஹைனா மாதேஸ்வரியின் உறையில்லாத கையைப் பார்த்தாள். அவளுக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்தது. "அலர்ஜி போயிருச்சாக்கா?"

"போயிருச்சு. இந்தா, உன் குக்கர். அடுத்த வாட்டி லோடு கீடுன்னு சொன்னா உன் எடம் எனக்குத்தான்."

உறை இன்னும் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் குக்கருக்குள் போட்டு மூடினாள். ரோட்டில் மூக்கண்டப்பள்ளி போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வேகமாக வந்தது. வலக் கையில் குக்கர் இருந்ததால் இடக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று விரலுக்கும் ஆட்டோ நின்றது.