நொச்சிமேட்டில் ஏறியவர்கள்

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கேட் போட்டால் கொஞ்ச நேரத்தில் பாசஞ்சர் வந்துவிடும். எனக்குக் கவுண்டருக்குள் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எங்கள் நொச்சிமேடு ஹால்ட். சிக்னல் கிடையாது, ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. என் மாமனார் காலத்தில் சனங்கள் ஏரி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து பிளாட்பாரம் போட்ட பிறகுதான் இங்கே ரயில் நின்றதாம். இப்போது இருப்பது ஒரு கொட்டகை, ஒரு அடிபம்பு, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் கிருஷ்ணவேணி, அதாவது நான். காலையில் விழுப்புரம் போக ஒரு வண்டி, சாயங்காலம் திரும்ப ஒரு வண்டி.

அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. முந்தின நாள் டிக்கெட் கட்டு வாங்கத் திண்டிவனம் போனபோது கிளார்க் மாசிலாமணி சொன்னார்: "நாளைக்குக் காலைல வண்டில ஆபீசர் வர்றாரும்மா. கூட்டம் இருக்குதான்னு பாப்பாரு. இல்லன்னா உங்க ஸ்டாப்பிங்க எடுத்துடுவாங்க."

கமிஷன் போனால் போகட்டும். என் மகள் இசைவாணி விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். "ரயில் இல்லன்னா படிப்பும் இல்ல. ரெண்டு பஸ்ஸு மாறி வயசுப்பொண்ண நான் அனுப்பமாட்டேன்" என்று என் வீட்டுக்காரர் பச்சைமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட் விற்பனை படுத்தால், ஸ்டாப்பிங் போய்விடக்கூடாதென்று வீட்டுக்கு ஒன்று வாங்குவார்கள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள், யாரும் ரயில் ஏறுவதில்லை. அதனால் நானும் தெருத்தெருவாகப் போய், "நாளைக்கு எல்லாரும் டிக்கெட் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கமான சனங்கள். விடிந்ததும் வந்து, போகவர டிக்கெட்டாகவே வாங்கி, கட்டு முழுவதையும் காலி பண்ணிவிட்டார்கள். கேட் போடும்வரை நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் இசைவாணி கவுண்டர் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அம்மா, பிளாட்பாரத்துல நான் மட்டும்தான் நிக்கிறேன். ஆளுங்க எங்க?"

அடக் கடவுளே! ரயிலில் வருகிற ஆபீசர் டிக்கெட்டையா பார்ப்பார், ஆளையல்லவா பார்ப்பார்! இது ஏன் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை?

பிளாட்பாரத்தை ஒட்டிய நிலக்காரர் தாண்டவராயன் கொல்லையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேலி ஓரம் ஓடிப்போய்க் கத்தினேன்.

"ஏ சின்னபொண்ணு! எல்லாரும் ஜல்தி வாங்கடி!"

சின்னபொண்ணு நிமிர்ந்தாள். "டிக்கெட்டுதான் வாங்கிட்டமே, இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற?"

"வாங்கினா பத்தாதுடி, ஏறணும்! ஆபீசர் ஆளப் பாக்க வர்றாரு!"

வரப்பில் நின்ற தாண்டவராயன் துண்டை உதறினார். "எவளாவது கொல்லைய வுட்டு ஏறினீங்க, இன்னிக்குக் கூலி கெடயாது. சொல்லிட்டேன்."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தூரத்தில் ஹாரன் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எம் பொண்ணு படிப்புடி" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

வண்டி வந்து நின்றது. எங்கள் ஹால்டில் ஒரு நிமிஷம்தான் நிற்கும். இசைவாணி ஒரு காலைப் படியில் வைத்தாள், மறு காலைப் பிளாட்பாரத்தில் ஊன்றிக்கொண்டாள். கார்டு கொடியை ஆட்டிக்கொண்டே, "ஏறும்மா! ஏறு, இல்ல எறங்கு!" என்று கத்தினார். அவள் அசையவில்லை.

சின்னபொண்ணு கையிலிருந்த செடியை விசிறி எறிந்தாள். "போனா போவுது ஒரு நாள் கூலி, வாங்கடி!"

கொல்லையே எழுந்து ஓடி வந்தது. தலையில் முண்டாசு, முழங்கை வரை செம்மண். ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டு ஏறினார்கள். ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஒருவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஆபீசராக இருக்கவேண்டும். கடைசி ஆள் ஏறியதும்தான் என் மகள் தரையில் ஊன்றிய காலை எடுத்தாள்.

வண்டி போனதும் தாண்டவராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈரம் காஞ்சா செடி மட்டும் அறுந்து வரும், காய் மண்ணுலயே தங்கிடும். யாரு புடுங்கறது?"

நான் கவுண்டரைப் பூட்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். அன்று முழுக்க ஒண்டியாகப் பிடுங்கினேன், என்னாகுமோ என்னாகுமோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

சாயங்கால வண்டியில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். நான் கேட்பதற்கு முன்னால் சின்னபொண்ணே ஆரம்பித்தாள்.

"'எல்லாரும் எங்கம்மா போறீங்க'ன்னாரு ஆபீசரு. 'சாயங்காலம் திரும்பி வர்றதுக்குத்தான் சார்'னேன். 'அப்ப எதுக்குப் போறீங்க'ன்னாரு. 'நாங்க ஏறலன்னா நீங்க நிக்கமாட்டீங்களாமே'ன்னேன்."

"அடிப்பாவி! உண்மையவா சொன்ன? அவரு இன்னா சொன்னாரு?"

"'இந்த வருசம் நிக்கட்டும், அடுத்த வருசம் பாக்கலாம்'னாரு."

அடுத்த வருஷம். இசைவாணிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

இசைவாணி பையைக் கொட்டகையில் வைத்துவிட்டு, வெள்ளை யூனிபார்மோடு கொல்லையில் இறங்கிக் குனிந்தாள்.

"யூனிபார்ம் பாழாவுதுடி! வூட்டுக்குப் போய்ப் படி!" என்று அதட்டினேன்.

அவள் நிமிரவில்லை. "இவங்க கூலி என்னாலதானம்மா போச்சு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த செடியைப் பிடுங்கினாள்.