சாத்திக்கொள்ள மறுத்த ஜன்னல்கள்

பெயிண்ட் உரிப்பவர் செத்துப்போன மறுநாள் காலையிலிருந்து அந்த ஊரில் ஒரு ஜன்னல்கூடச் சாத்திக்கொள்ளவில்லை. இழுத்தால் கொண்டிவரை வரும், கையை எடுத்ததும் திரும்பிப் போய்ச் சுவரில் சாய்ந்துகொள்ளும். ஆணி அடித்துப் பார்த்தார்கள். விடிந்தால் ஆணியெல்லாம் தரையில் கிடந்தன.

அவர் செத்தது ஒரு வீட்டு மாடிக் குளியலறையில். தொட்டியின் பழைய பெயிண்டை உரிக்க, அதற்கென்று டப்பாவில் விற்கும் ஒரு திரவத்தைக் கெட்டியாகத் தடவி, பெயிண்ட் கொப்புளித்து எழும்வரை காத்திருந்து, தகட்டால் சுரண்ட வேண்டும். காற்றுப் பட்டால் அதற்குள் திரவம் காய்ந்துவிடும் என்பதால், இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவதுதான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்று ஒரு புண்ணியவானும் அவர்களிடம் சொன்னதில்லை. லேசான இனிப்பு வாசனையோடு அது தொட்டிக்குள் தேங்கியது, அவர் அதற்குள் தலையைக் கவிழ்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பிதான் அவருக்குக் கூட்டாளி. சாப்பாடு வாங்கி வந்தவன், அத்தான் தொட்டி விளிம்பில் சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனம் வராமல் பத்து நிமிடம் வெளியே நின்றான்.

அந்த டப்பா எந்த ஹார்டுவேர் கடையிலும் பல்புக்கும் பசைக்கும் நடுவில் கிடைக்கும். நாற்காலி பாலிஷை உரிக்க யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். முன்பக்கம் சிரிக்கும் குடும்பம், பின்பக்கம் கண்ணில் ஒற்றிக்கொண்டாலும் தெரியாத எழுத்தில் ‘காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்’. எச்சரித்துவிட்டோம் என்றது கம்பெனி. சுகாதார அதிகாரி கையை விரித்தார். ஒரு மனிதன் செத்ததற்கு அரைப் பக்கம் எழுதிய அதே அலுவலகம், ஜன்னல்களை ஆராய ஒரு குழு போட்டு நூற்றிருபது பக்கம் எழுதியது. கீல்களையெல்லாம் அளந்தார்கள், ஒருவரும் டப்பா மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கம்பெனியோ வாய் கூசாமல் அதே டப்பாவில் ‘காற்றிலும் காயாத புதுக் கலவை’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இருபதாம் நாள் தம்பி மறுபடி டப்பாவைத் தூக்கினான். ஜன்னல் சாத்திக்கொள்ளவில்லை என்றால் என்ன, ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு வேலை பார்த்தான். அக்கா கத்தினாள், அழுதாள், போர்வையைக் கிழித்தும் போட்டாள். “எனக்கு வேற என்னக்கா தெரியும்? ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்றான். புருஷன் போயாயிற்று, இவனையும் தூக்கிக் கொடுக்க அவள் தயாராக இல்லை. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி மேனேஜர் அறைக்குப் போனாள்.

“டப்பாவுலயே போட்டிருக்கேம்மா. படிக்கலைன்னா நாங்க என்ன பண்றது?” என்றார் மேனேஜர்.

“நீங்க படிங்க சார், கேக்கறேன்.”

அவர் டப்பாவைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அவள் மூடியைத் திருகித் திறந்து மேஜை நடுவில் வைத்தாள். “ஜன்னலைச் சாத்திட்டு அரை மணி நேரம் என்கூட உக்காருங்க. அப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்றாள். ஊரில் எந்த ஜன்னல் சாத்திக்கொள்கிறது என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அந்த அறையின் இரண்டு ஜன்னல்களும் தாமாகவே சாத்திக்கொண்டு கொண்டியும் போட்டுக்கொண்டன. நாலாவது நிமிடம் மேனேஜர் இருமிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஆபீஸ் முழுக்கப் பார்க்க வராந்தாவுக்கு ஓடினார். அவள் மூடியைத் திருகி மூடிவிட்டுத்தான் எழுந்தாள். படியிறங்கும்போது அவளுக்கும் தலை சுற்றியது.

சனிக்கிழமைக்குள் ஊரில் ஒரு கடையிலும் அந்த டப்பா இல்லை. ஒருவர் செத்தபோது தெரியாத விஷம், ஒருவர் நாலு நிமிடம் இருமியதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இதை நியாயம் என்று சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

மற்ற ஜன்னல்கள் பிறகும் சாத்திக்கொள்ளவில்லை. ஆசாரிகள் கொண்டி வைப்பதையே விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் ஜனங்கள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு, சாரலைத் துடைத்துவிட்டுப் படுக்கிறார்கள். தம்பி இப்போது வெறும் தகட்டாலேயே சுரண்டுகிறான். ஒரு நாள் வேலை மூன்று நாளாகிறது. சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, “கை ஒடியுதுக்கா” என்று தினமும் புலம்புகிறான்.

“ஒடியட்டும்டா” என்கிறாள் அவள், சோறு போட்டபடி. “கைதானே.”