சிட்சலம்மா சொன்னது

பள்ளித் தலைவர் ஹோல்கர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிச் சமையலறை வாசலில் நின்றபோதே சிட்சலுக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் நல்ல சேதியோடு வரவில்லை என்று. காப்பி வேண்டுமென்றால் நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்கிறவர் அவர். அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"ஞாயித்துக்கெழம லவுரிட்ஸுக்கு நடக்கிற அஞ்சலிக் கூட்டம் இங்கிலீஷ்லதான் நடக்கும், சிட்சலம்மா."

"என் புள்ளைக்கு நடக்கிற கூட்டமா?"

"மாநிலத்துல உத்தரவு போட்டாச்சே. ஜெர்மனியோட யுத்தம் முடியிற வரைக்கும் சர்ச்சுல, பள்ளிக்கூடத்துல, ரயில்ல, போன்ல கூட இங்கிலீஷத் தவிர வேற பாஷை பேசக் கூடாதாம். ஜெர்மன்காரன் பேசினாலும் ஒண்ணுதான், நம்ம டேனிஷ்காரன் பேசினாலும் ஒண்ணுதான் அவங்களுக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"பெத்தவளுக்குப் புரிய வேணாமா, வாத்தியாரே?" கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, பேச்சு எப்படியோ போகட்டும். அவன் எடுத்துக் குடுப்பானே, அந்தக் காலைப் பாட்டு. அத மட்டும் பாடிடுங்க."

"பாக்கலாம்," என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் யாரும் பார்த்ததாக சிட்சலுக்கு நினைவில்லை.

டென்மார்க்கில் குடியானவர் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளிக்கூடம் இது. கப்பலேறி வந்த ஜனங்கள் விதையையும் பைபிளையும் கொண்டுவந்த கையோடு இதையும் கொண்டுவந்து அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காட்டு நடுவில் நட்டார்கள். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. குளிர்காலத்தில் பையன்கள் வந்து தங்கிப் படிப்பார்கள், கோடையில் பெண்கள். காலையில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பாட்டு, அப்புறம் ஹோல்கரின் பேச்சு. காகிதத்தைப் பார்த்துப் படித்தால் அது செத்த சொல், நெஞ்சிலிருந்து வாய்க்கு வருவதுதான் உயிருள்ள சொல் என்று அடித்துச் சொல்வார். லவுரிட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அவன் பாட்டெடுத்தால், பள்ளிக்குச் சமைத்துப் போடும் சிட்சல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். அவனைத்தான் அமெரிக்கப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். பிரான்சிலேயே புதைத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி. அதே வாரம் எவனோ பள்ளிக்கூடக் கதவில் மஞ்சள் பெயின்டை ஊற்றிவிட்டுப் போயிருந்தான். இங்கே இருக்கிறவர்கள் தேசத்துரோகிகளாம்.

ஞாயிறன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. கடைசி பெஞ்சில், உத்தரவை யாரும் மீறுகிறார்களா என்று பார்க்க மாவட்ட யுத்தக் கமிட்டி அனுப்பிய ஒருவர் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹோல்கர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் படித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

சிட்சலுக்குத் தெரிந்த ஆங்கிலம் கடைத்தெரு ஆங்கிலம். முட்டை, வெண்ணெய், எவ்வளவு, தேங்க் யூ. அவர் படித்ததில் முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை. பக்கத்திலிருந்த யோஹன்னே முழங்கையால் இடித்து, "ஒம் பையனத்தான் சொல்றாரு, நல்லாத்தான் சொல்றாரு," என்று கிசுகிசுத்தாள். உடனே யார் காதிலாவது விழுந்ததோ என்று பயந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெற்ற மகனைப் பற்றி ஊரே கேட்டுக்கொண்டிருக்க, தான் மட்டும் யாரோ வழிப்போக்கர் போல உட்கார்ந்திருப்பதாக சிட்சலுக்குத் தோன்றியது. பாட்டாவது வரும் என்று காத்திருந்தாள். எல்லோரும் எழுந்து அமெரிக்க தேசிய கீதம் பாடினார்கள். கூட்டம் முடிந்துவிட்டது.

காப்பி ஊற்றும்போது அந்தக் கமிட்டிக்காரர் அவளிடம் வந்தார். தலை குனிந்து ஏதோ சொன்னார். குரல் தணிவாகத்தான் இருந்தது. அவள் ஹோல்கரைப் பார்த்தாள். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். எடுத்துச் சொன்னால் டேனிஷில் சொல்ல வேண்டும்; அவர் தன் கோப்பைக்குள் பார்த்துக் குனிந்துகொண்டார். சிட்சல் காப்பிக் கூஜாவை மேசையில் வைத்துவிட்டு டேனிஷிலேயே பேசினாள்.

"ஐயா, எம் புள்ள துப்பாக்கியக் கண்டா ஒதுங்கிப் போறவன். கூப்பிட்டீங்க, போனான். அவன் செத்த சேதி வந்த வாரம்தான் உங்காளுங்க இந்தக் கதவுல மஞ்சள் பெயின்ட ஊத்துனாங்க. மண்ணெண்ண போட்டுத் தேச்சவ நான். இன்னும் போகல, வேணும்னா போயிப் பாருங்க." மண்டபத்தில் கோப்பைகள் அப்படி அப்படியே நின்றுவிட்டன. "சின்னதுல அவனுக்குத் திக்குவாய். பேசினாத் திக்கும், பாடினாத் திக்காது. அதுக்காகத்தான் இங்க சேத்துவிட்டேன். பாடிப் பாடித்தான் அவனுக்குப் பேச்சே வந்துது. அந்தப் பாட்ட இன்னிக்கி ஒருத்தரும் பாடல. அவன் என்னய்யா குத்தம் பண்ணான்?"

அவர் ஹோல்கர் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

மண்டபம் முழுக்க ஹோல்கரின் வாயையே பார்த்தது. ஆங்கிலத்தில் ஏதோ சின்னதாகச் சொன்னார். அதன் கடைசியில் வந்த தேங்க் யூ மட்டும் சிட்சலுக்குப் புரிந்தது.

கமிட்டிக்காரர் தலையசைத்துவிட்டு, கோதுமை கிடைக்காததால் சோளமாவில் செய்த கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் பிழைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை பாட்டு நேரத்துக்கு மண்டபத்தில் பெஞ்சுகள் கிறீச்சிடுவது சமையலறைக்குக் கேட்டது. மாணவிகள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள் போல. ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் கிறீச்சிட்டன.

ஹோல்கர் சமையலறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார்.

"நேத்து நான் உள்ளபடி சொல்லியிருந்தா இந்நேரம் நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பாங்க, சிட்சலம்மா. அப்பறம் இந்தப் பொண்ணுங்க எங்க போகும்?"

அவள் காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஏதாவது பேசுங்க. திட்டவாவது திட்டுங்க."

சிட்சல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தேங்க் யூ," என்றாள்.

பிறகு ஒரு உருளைக்கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள். அவர் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். தோல் அறுபடாமல் நீளமாக வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.