பத்தொன்பது விநாடிச் சுற்று

இளசுகளைக் கண்டு டெரில் ஹோலுப்புக்கு வயிறு எரிந்ததே இல்லை. அந்தப் பையன்கள் வேறு ரகம். பத்தொன்பது, இருபது வயதில் ஹார்ட்வெல் ஊருக்கு வருவார்கள், ஒரு குளிர்காலம் அவருடைய அணியில் ஐஸ் ஹாக்கி ஆடுவார்கள், தெற்கே பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அழைப்பு வந்த சேதியைச் சொல்வது கோச்சின் வேலை. பத்து வருடத்தில் முப்பத்தேழு பேருக்குச் சொல்லியிருக்கிறார். கையைக் குலுக்கி, "திரும்பி வந்துடாத" என்பார். அந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு வாழ்த்து கிடையாது. கடவுள் கொடுத்த கால் அவர்களுக்கு. போகட்டும், நன்றாக இருக்கட்டும்.

டேன் வெலெட் விஷயம் அப்படியில்லை. அவனுக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடத்தில் பதினோரு அணி. வேகம் கிடையாது, கோல் போடும் கை கிடையாது. எதிராளி அடிக்கிற பக், அந்த ரப்பர் வட்டு, கல் மாதிரி பறந்து வரும்போது குறுக்கே உடம்பைக் கொடுத்து விழுவான், அவ்வளவுதான். ஹோலுப்பும் அதே அச்சில் வார்த்தவர். பதினாறு வருடம், ஒன்பது ஊர், ஆயிரத்துப் பன்னிரண்டு ஆட்டம். பெரிய லீக்கில் பூஜ்யம். நம்மைப் போன்றவர்களுக்கு அது எழுதி வைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே மனுஷன் மனதை ஆற்றிக்கொண்டிருந்தார். அதே அச்சில் வார்த்த இன்னொருத்தன் மேலே போய்விட்டால்? அப்புறம் 'நம்மைப் போன்றவர்கள்' எங்கே இருக்கிறார்கள்? ஹோலுப் ஒருத்தர்தான் மிச்சம்.

பூஜ்யம் என்பதும் முழுக் கதை இல்லை. தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் அவருக்கும் அழைப்பு வந்தது. முதுகில் ஹோலுப் என்று தைத்த நாற்பத்து நாலாம் எண் சட்டை, பெரிய அணியின் அறையில் கொக்கியில் தொங்கியது. முதல் ஆட்டம் ஆடுகிறவனை, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நேரத்தில் பனித்தளத்துக்குத் தனியாக அனுப்புவார்கள். மற்றவர்கள் வேண்டுமென்றே வாசலில் நின்றுகொள்ள, அவன் ஹெல்மெட் இல்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றுவான். அன்று காலை அந்தச் சுற்றை நினைத்து ஹோலுப்புக்கு ஒரு துண்டு ரொட்டிகூட இறங்கவில்லை. பத்து மணிக்கு டாக்டர் வந்தார். எதுவும் கேட்காமல் நேரே, அடிபட்டதை அவர் மறைத்து வைத்திருந்த வலது தோளில் விரலை வைத்து அழுத்தினார். ஹோலுப் கத்திவிட்டார். "உங்க கோச் போன் பண்ணினார்" என்றார் டாக்டர். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

போட்டுக்கொடுத்த கோச்சின் பெயர் மெக்கேப். ஹாக்கிக்காரர்களிடம் இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. அடி என்பது ஆட்டக்காரனின் சொந்தச் சொத்து. கட்டுப் போடுகிறவன் கட்டுவான், கோச் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார், மேலிடத்திடம் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. மெக்கேப் செத்தபோது சவ அடக்கத்துக்கு நாற்பது கிலோமீட்டர்தான். ஹோலுப் போகவில்லை. உறைந்த ஏரியில் துளை போட்டு நாளெல்லாம் மீன் பிடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, அணிக்குக் கட்டுப் போடும் ஸ்டூ அவருடைய அறைக்குள் தலையை நீட்டினான். "நேத்து வெலெட் இடது கால்ல ஒண்ணு வாங்கினான்ல. ஷூ ஏறல. எக்ஸ்ரே வேணாங்கிறான். நான் எதையும் பார்க்கல."

"நானும்தான் பார்க்கல" என்றார் ஹோலுப்.

ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது. ஹார்ட்வெல்லிலிருந்து ஆள் எடுக்கும் பெரிய அணியின் மேலாளர் ஃபெல்ட்மன். முப்பத்தெட்டு வயது, ஸ்கேட் கட்டி ஆடியதே கிடையாது.

"டெரில், இங்க ரெண்டு பேர் வாந்தி எடுத்துப் படுத்துட்டாங்க. சாயங்காலம் ஆட்டம். க்ரூகரை அனுப்புங்க. கூட வெலெட்டையும் அனுப்பலாம்னு பார்க்கிறேன். நாலாவது வரிசை, ஆறு நிமிஷம் ஆடினா போதும். ஆள் எப்படி?"

ஆள் தயார் என்று சொல்ல ஒரு விநாடி ஆகியிருக்கும். அந்த ஒரு விநாடியில் ஹோலுப்பின் அடிவயிற்றில் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகியது போல் இருந்தது. ஃபெல்ட்மன் கேட்டது அவனை. தானாகவே, பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"கால்ல அடி" என்றது ஹோலுப்பின் வாய். "எலும்புல விரிசல் விட்டிருக்கலாம். க்ரூகர் மட்டும் வரட்டும்."

"அப்ப இன்னொருத்தனுக்கு வேற எங்கயாவது கேட்கிறேன். மறைக்காம சொன்னதுக்கு நன்றி, டெரில். எல்லாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க."

போனை வைத்தார். பொய் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார். உள்ளே ஒரு குளுமை கூடப் பரவியது, வெட்கங்கெட்ட குளுமை.

க்ரூகர் இருபது வயதுப் பையன். அக்டோபரிலேயே ஒருமுறை மேலே போய்த் தன் சுற்றைச் சுற்றிவிட்டு வந்தவன். அவனிடம் சேதியைச் சொல்லி, "திரும்பி வந்துடாத" என்றார். அறை முழுக்க வாழ்த்தாக ஸ்டிக்குகளைத் தரையில் தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் வெலெட்.

கால் மணி நேரத்தில் வெலெட் ஹோலுப்பின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். முகத்தில் ரத்தமில்லை.

"க்ரூகருக்கு மேலேயிருந்து போன் வந்துது கோச். டிக்கெட், ரூம் எல்லாம் சொல்லிட்டு, 'பாவம் வெலெட், கால் எப்படி இருக்கு'ன்னு கேட்டாங்களாம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹோலுப் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

"ஸ்டூதான். வேற யாரு. இப்பதான் அவனை நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வரேன். 'நான் சொல்லல, நான் சொல்லல'ங்கிறான் திருட்டுப்பய." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல. மெக்கேப் கதையைத்தான் பஸ்ல நூறு தடவை சொல்லியிருக்கீங்களே. எனக்காக ஒரு போன் போடுங்க. கால் நல்லாத்தான் இருக்கு. இங்க பாருங்க."

நாற்காலியை விட்டான். இடது காலை மட்டும் ஊன்றி, கம்பளத்தின் மேல் குதித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக வந்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் கோச். ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். அப்புறம் காலை வெட்டிக்கூட எடுக்கட்டும்."

மெக்கேப் ஏன் அப்படிச் செய்தார்? இருபத்தைந்து வருடம் ஹோலுப் இதைக் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கவா, அணியில் ஆள் குறையக்கூடாது என்றா, தோள் நிஜமாகவே போய்விடும் என்ற அக்கறையா? இப்போது தெரிந்துவிட்டது. மெக்கேப்பும் மேலே ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். வேறு காரணமே தேவையில்லை.

ஹோலுப் போனை எடுத்தார். வெலெட்டை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஃபெல்ட்மன், டெரில் பேசறேன். இன்னொரு ஆள் கிடைச்சிட்டானா? இல்லையா? நல்லது. காலையில வெலெட் பத்தி நான் சொன்னதை விட்டுடுங்க. எக்ஸ்ரே எடுத்தாச்சு. சுத்தம்."

எதிரே நின்றவனின் கண்கள் மெல்ல விரிந்தன.

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றது போன்.

"வயித்தெரிச்சல்" என்றார் ஹோலுப். "வேற ஒண்ணுமில்ல. அவனை ஆட வைங்க."

ஃபெல்ட்மனின் குரல் இறுகியது. "இதைப் பத்தி நாம அப்புறம் பேசணும், டெரில். பதினோரு மணிக்குள்ள ரெண்டு பேரும் கிளம்பியாகணும்."

எக்ஸ்ரே சுத்தம் என்றது கலப்படமில்லாத பொய். ஒரு டாக்டர் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார். ஆனால் அவர்கள் ஊர் வழக்கில் காலையில் சொன்ன உண்மைதான் குற்றம்.

வெலெட் நகரவில்லை. கத்துவான், கையிலிருப்பதை எறிவான் என்று ஹோலுப் எதிர்பார்த்தார். எறிந்திருந்தால் தேவலை.

"மெக்கேப் மாதிரியேவா, கோச்" என்றான்.

"ஆமா."

"ஸ்டூவைத் திட்டிட்டேனே. போய் நீங்களே சொல்லிடுங்க. நாலு பேர் முன்னாடி சொல்லுங்க."

"சொல்றேன்."

கதவுவரை நொண்டிப் போனவன் திரும்பினான். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்வீங்களே. எனக்குச் சொல்லல."

சொல்லத்தான் வேண்டும், சொன்னால் பலித்துவிடுமோ என்றும் ஹோலுப்புக்கு இருந்தது. "திரும்பி வந்துடாத" என்றார்.

"திங்கட்கிழமை வந்துடுவேன்" என்றான் வெலெட். "பதினோரு ஊர் பார்த்தாச்சு. வேற எவன் என்னைச் சேர்த்துப்பான்?"

சாயங்காலம் ஆறரைக்கு, ஹோலுப்பின் அறையில், சத்தத்தை நிறுத்தி வைத்த தொலைக்காட்சி முன் அவரும் ஸ்டூவும் உட்கார்ந்திருந்தார்கள். மன்னிப்பு மதியமே கேட்டாயிற்று, நாலு பேர் முன்னாடி. ஸ்டூ அதன்பிறகு அவரோடு பேசவில்லை, ஆனால் காப்பி கொண்டுவந்து வைத்திருந்தான்.

திரையில் வாசல் திறந்தது. வெலெட் மட்டும் பனியில் இறங்கினான். மற்றவர்கள் வாசலிலேயே நின்று ஸ்டிக்கால் பலகையைத் தட்டினார்கள். ஹெல்மெட் இல்லாத தலையில் உச்சி வழுக்கை விளக்கில் பளபளத்தது. இடது காலை அரைகுறையாகத் தள்ளினான். தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். முதல் வளைவு. கோல் வலைக்குப் பின்னால். இரண்டாவது வளைவு.

விழு, என்றது ஹோலுப்பின் மனசு. விழுடா. இத்தனை பேர் பார்க்க ஒரே ஒருதடவை சறுக்கி விழுந்து தொலை. அனுப்பிவைத்ததும் அதே ஹோலுப்தான், வேண்டிக்கொண்டதும் அதே ஹோலுப்தான். வலது தோள் பழைய இடத்தில் வலித்தது. பத்தொன்பது விநாடி ஆனது அந்தச் சுற்று. பத்தொன்பது விநாடியும் அவர் அதையே வேண்டிக்கொண்டிருந்தார்.

வெலெட் விழவில்லை.

"சத்தம் வேணுமா?" என்று முதல்முறையாக வாயைத் திறந்தான் ஸ்டூ.

"வை" என்றார் ஹோலுப். "இன்னும் கொஞ்சம் கூட்டு."