ஐம்பத்தெட்டு டிகிரி

என் சென்சார் எவ்வளவு கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கைக்கடிகாரம் குடிப்பதில் நூறில் ஒரு பங்கு. பேட்டரிக்குள் இருக்கும் சிப்பின் மூலையில் உட்கார்ந்து, எவ்வளவு சூடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வடிவமைத்தவள் நான். தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

இவ்வளவு குறைந்த கரண்டில் ஒரு வில்லங்கம் உண்டு. சூடு ஏற ஏறச் சிப்புக்குள் கரண்ட் கசியும். கசிவு கூடினால் சென்சார் சூட்டைக் குறைத்துச் சொல்லும். அதனால் ஒவ்வொரு சிப்பையும் அறைச் சூட்டில் ஒருமுறை, கொதிக்கிற சூட்டில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். "அறைச் சூட்டுல ஒரு தடவை போதும், நாள் இல்ல," என்றார் மேனேஜர். மற்ற நேரத்தில் எனக்கு வாய் நீளம். அன்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணனுக்கு அதே கம்பெனியில் பேட்டரி சோதிக்கும் வேலை. கதவு வைத்த பெரிய சோதனை அடுப்பில் வைத்துச் சூடேற்றுவார். அடுப்பு ஆறினாலும் பேட்டரி உள்ளே கொதித்துக்கொண்டிருக்கலாம். அறுபதுக்குக் கீழே இறங்கினால்தான் கதவைத் திறக்கலாம். பேட்டரிமேல் தனியாக ஒரு ஒயர் தெர்மாமீட்டரும் ஒட்ட வேண்டும் என்பது விதி. அண்ணன் ஒட்டவில்லை. "என் தங்கச்சி செஞ்ச சென்சார் உள்ளேயே இருக்கு, ஒயர் எதுக்கு?" என்று கூட இருந்தவர்களிடம் பீற்றிக்கொண்டாராம். திரையில் என் சென்சார் காட்டியது ஐம்பத்தெட்டு. திறந்தார். முகத்துக்கு நேரே வெடித்தது.

மறுநாள் மிச்சமிருந்த சிப்புகளை நானே சூடேற்றிப் பார்த்தேன். நூறு டிகிரியில் ஒன்று அறுபது என்றது, இன்னொன்று ஐம்பத்தைந்து என்றது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

விசாரணைத் தாளை மேனேஜர் என்னிடமே கொடுத்தனுப்பினார். 'விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு.' அண்ணன் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை போகும், என் சிப் தப்பிக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்களைச் சுற்றிக் கட்டோடு சாய்ந்திருந்தார். பார்வை இனி வராது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

"படிச்சுக் காட்டு, குட்டி."

படித்தேன்.

"ஒயர் ஒட்டாதது என் தப்புதான். போட்டுடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. உன் சென்சார் சரியாத்தானே காட்டுச்சு?"

என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"சரிதான்ணா. பேட்டரியிலதான் கோளாறு."

"அது போதும். உன்னைக் குறை சொல்லிடுவாங்களோன்னுதான் பயந்துட்டே இருந்தேன்."

பேனாவை அவர் விரல்களுக்குள் வைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு அவர் கையைப் பிடித்து நானே கொண்டுபோனேன்.