கோமுகி வரைக்கும்

காலை எட்டரை மணியாகியும் அந்த நீலப் புள்ளி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாகேஸ்வரி ஐபாட்டை மடியில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் கம்போடியக் காட்டின் பச்சைக்கு நடுவில் அது அப்படியே கிடந்தது. அங்கே இப்போது இரவு எட்டரை. அந்தப் புள்ளி காட்டும் கைப்பேசிக்குச் சொந்தக்காரரான அவளுடைய கணவர் மாமாங்கம், ஏழு மணிக்கே ஹோட்டலுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர்.

மாமாங்கத்தாருக்கு அறுபத்தெட்டு வயது. கனடாவில், மில்லிக்கனில் ஒரு கார்ப் பார்ட்ஸ் கொம்பனியில் முப்பது வருடம் உழைத்து ஓய்ந்தவர். மட்டக்களப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நாலு நாள் கம்போடியாவில் இறங்கினார். கெமர் ராசாக்கள் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன சிவன் கோயில்களைக் கண்ணால் காணவேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். நாகேஸ்வரி முழங்கால் ஒப்பரேஷனோடு அஜின்கோர்ட் வீட்டில் இருந்துவிட்டாள். மகள் லக்ஷிகாதான் அந்த ஒருநாள் பயணத்தை ஒன்லைனில் பதிவு செய்து கொடுத்தாள். ஹோட்டல் இருக்கும் சியம் ரீப் நகரத்திலிருந்து ஒரு வான், கூட ஒரு வழிகாட்டி, மூன்று மணித்தியால ஓட்டம், ஆட்கள் அதிகம் போகாத இரண்டு கோயில்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளே போய்வரக்கூடிய பயணம்.

லக்ஷிகா ஏழரைக்கே ரூஜில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பனிக்குள்ளால் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த நிலைமையில் அவள் வந்திருக்கவே கூடாது. ஐந்து மாதம். இதற்கு முதல் இரண்டு தரம் தங்காமல் போய், இந்தத் தரம்தான் வயிறு வெளியில் தெரியத் தொடங்கியிருந்தது. வந்ததும் வராததுமாக அப்பாவின் கைப்பேசிக்கு எடுத்தாள். மணி போனது, எடுப்பாரில்லை. பயண அலுவலகத்துக்கு எடுத்தாள். பூட்டியாகிவிட்டது, நாளை காலை எடுங்கள் என்று ஒரு இயந்திரம் இனிமையாகச் சொன்னது. ஹோட்டலில் கேட்டதற்கு, அவர் இன்னும் வரவில்லை என்றார்கள். அது எட்டேகாலுக்கு.

"வானுக்கு ரயர் காத்துப் போயிருக்கும் அம்மா. சும்மா யோசிக்காதீங்க," என்றாள். சொன்னவளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

நாகேஸ்வரி யோசிக்காமல் எப்படி இருப்பாள்? அவளுடைய நெஞ்சுக்குள் கிடந்தது வேறு விடயம். நேற்று முன்தினம் மாமாங்கத்தார் தொலைபேசியில் கதைத்தபோது, போகிற சிவன் கோயிலை மகளுக்காக ஒருதரம் சுற்றிக் கும்பிட்டு வாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். அங்கே சுற்ற விடுவார்களோ தெரியாது, எல்லாம் இடிந்து கிடக்கிறதாம் என்று அவர் இழுத்தார். இவள் விடவில்லை. ஒரு சுற்றுக்கு என்ன வந்தது, அதைக்கூட உங்களால் செய்ய ஏலாதா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டாள். சரி, என்று அவர் ஒற்றைச் சொல்லில் ஏற்றுக்கொண்டார்.

மற்ற விடயங்களில் மாமாங்கத்தார் வளைந்து கொடுப்பார். கோயில் விடயத்தில் எள்ளளவும் பிசகமாட்டார். ஸ்காபரோக் கோயிலில் வெளியே பனி கொட்டினாலும் உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடுதான் நிற்பார். சுற்றத் தொடங்கினால் யார் கூப்பிட்டாலும் நடுவில் திரும்பமாட்டார். இத்தனை வருடம் அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வீட்டுத் தொலைபேசி அடித்தது. சமையலறைச் சுவரில் கிடக்கும் பழைய போன். அதற்கு இப்போது டக்ட் கிளீனிங் விளம்பரக்காரரைத் தவிர வேறு யாரும் எடுப்பதில்லை. இந்த வீட்டின் காற்றுக் குழாய்களைப் பற்றி அவர்களுக்கு இருக்கிற கவலை பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இராது. அது தன்பாட்டில் அடித்து ஓய்ந்தது.

லக்ஷிகா பயணக்காரர் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, அவசர இலக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். கீழே போய்க்கொண்டிருந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல."

"என்ன எண்டு சொல்லு."

சின்ன எழுத்தில் கிடந்ததை லக்ஷிகா தமிழாக்கிச் சொன்னாள். இரண்டாவது கோயிலில் போட்டிருக்கும் பாதையை விட்டு யாரும் இறங்கக்கூடாது. கோயிலின் பக்கத்திலும் பின்னாலும் உள்ள காடு இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம். சிவப்புப் பலகையைத் தாண்டவேண்டாம். பதிவு செய்யும்போது இதை அவள் வாசிக்கவில்லை. அப்பாவுக்குச் சொல்லவும் இல்லை.

நாகேஸ்வரிக்குச் சிவப்புப் பலகையைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. ஊரில் சண்டை முடிந்த பிறகு வாகரைப் பக்கம் மாடு தேடிப் போன அவளுடைய சித்தப்பாவை ஒரு சாக்கில்தான் கொண்டுவந்தார்கள். அவள் ஐபாட்டைக் கதிரையில் வைத்தாள்.

வீட்டுப் போன் மறுபடியும் அடித்தது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் அம்மா. நான் வாசிச்சிருக்க வேணும்," என்று லக்ஷிகா அழத் தொடங்கினாள்.

மகள் அழுவதைப் பார்த்த பிறகு நாகேஸ்வரியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "நீயில்ல புள்ள. நான்தான் அவர கோயிலச் சுத்தச் சொன்னன். மாட்டன் எண்ட மனிசன ஏசி அனுப்பினன்," என்றாள்.

"ஏன் அம்மா?"

"உனக்காகத்தான். இது தங்கவேணும் எண்டு."

லக்ஷிகா தாயைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நாகேஸ்வரி காத்திருந்தாள். அவள் கோபப்படவில்லை, பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதுதான் நாகேஸ்வரிக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. மகளுக்காக நேர்ந்துவிட்டு மகளின் தகப்பனைக் கொடுத்துவிட்டேனோ என்ற எண்ணம் வந்தது.

மூன்றாம் தரமும் வீட்டுப் போன் அடித்தது. லக்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, டக்ட் கிளீனிங்காரனை ஒருவழி பண்ணும் வேகத்தில் எழுந்து போய் எடுத்தாள். ஹலோ என்றாள். சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் அமர்ந்து, போனைத் தாயின் பக்கம் நீட்டினாள்.

நாகேஸ்வரி முழங்காலையும் மறந்து ஓடினாள்.

"ஏன் போன எடுக்கல்ல?" என்றார் மாமாங்கத்தார். முப்பது வருடத்தில் அவர் மனப்பாடம் செய்த ஒரே இலக்கம் அதுதான். வழியில் இரண்டு தரம் ரயர் போய், இப்போதுதான் ஹோட்டலுக்கு வந்தாராம். கைப்பேசி சட்டைப் பையில், சட்டையும் சப்பாத்தும் கோயிலடியில். இடுப்பு வேட்டியும் வழிகாட்டி அம்மா தோளில் போட்டுவிட்ட சால்வையும், காலுக்குப் பத்தாத அவளுடைய செருப்புமாக வந்து இறங்கினாராம்.

மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து அவர் பாதையை விட்டு இறங்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு கல்லில் சட்டையையும் சப்பாத்தையும் வைத்துவிட்டு, சுற்றத் தொடங்கியிருக்கிறார்.

"கோவிக்காத நாகேஸ். நீ சொன்னத நான் முழுசாச் செய்யல்ல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இண்டைக்குப் பிரதோசமெல்லோ. இடப்பக்கமாப் போய்க் கோமுகியில திரும்பினன். அப்பதான் அந்த வழிகாட்டிப் பொம்பிள கத்திக்கொண்டு நிண்டா. கோமுகிக்கு அங்கால ரெண்டு எட்டில சிவப்புப் பலகை. பத்தக் காடு மூடிக் கிடந்தது, நான் காணல்ல."

சிவனுக்கு வார்த்த நீர் வெளியே விழுகிற வாய்தான் கோமுகி. பிரதோச நாளில் இரண்டு பக்கத்தாலும் அதுவரைக்கும் போய்த் திரும்பவேண்டும், தாண்டக்கூடாது. பிரதோசம் என்பதே நாகேஸ்வரிக்கு நினைவில் இருக்கவில்லை. அவள் கேட்டபடி அவர் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால்? சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த அடியிலயே திரும்பி வரச்சொல்லி ஒவ்வொரு எட்டா எண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தா. பிறகு அந்தக் கல்லடிக்குப் போக விடல்ல. மற்றப் பக்கத்தால சுத்தவும் விடல்ல. காவாசிகூட முடியல்ல. நாளைக்கு வெள்ளன ஒரு வான் பிடிச்சுப் போய்க் கேட்டா..."

"வேணாம்," என்றாள் நாகேஸ்வரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "புள்ளைக்கு நீங்க செய்தது காணும். நீங்க வீட்ட வாங்க."

"ஓம், வாறன்," என்றார்.

கதிரையில் கிடந்த ஐபாட்டில் நீலப் புள்ளி இன்னும் காட்டுக்குள்தான் இருந்தது. லக்ஷிகா எழுந்து போய் அதை மூடி வைத்துவிட்டு, அப்பாவோடு தானும் கதைக்கவேண்டும் என்று போனுக்குக் கையை நீட்டினாள்.